உப்புக்காற்றில் ஒரு டிரெயில் கேமரா: சாயல்குடிப் பனங்காட்டில் வைத்துப் பார்த்த அனுபவம்

இரவில் நம் நிலத்துக்கு எது வந்து போகிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டுமென்றால் டிரெயில் கேமரா வாங்குங்கள், கொடுத்த காசு வீணாகாது. மரத்தில் கட்டி வைத்தால் மிருகம் கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் பெட்டி அது. கோழியைக் காப்பாற்றினால் போதும் என்பவர்கள் அதே பணத்துக்கு நல்ல கம்பிவலையாக வாங்கிக் கூட்டை அடைத்துவிடலாம். கேமரா திருடனைக் காட்டும், தடுக்காது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நான் வாங்கும் முன் தேடிப் படித்த மதிப்புரைகள் எல்லாம் மலைக்காடு, காப்பித் தோட்டம், யானை, சிறுத்தை என்றே போயின. கடலோர மணலில், பனைமரத்தில் கட்டி வைத்தால் இந்தப் பெட்டி என்ன பாடுபடும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. ஒரு கச்சானும் (தென்மேற்குக் காற்று) ஒரு வாடையும் (வடகிழக்குக் காற்று) தாங்கிவிட்ட கேமரா என்னுடையது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியிலிருந்து மாரியூர் போகிற பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் பனை. கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் தென்னை, மழை பார்த்து நிலக்கடலை. வேலிக்கு வெளியே சீமைக்கருவேல் புதர், இடையிடையே குடை விரித்த உடைமரம், அதற்கும் அப்பால் உப்பளப் பாத்திகள். நான் பத்திருபது ஆடும் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு நஷ்டம். கூட்டில் கோழி குறைந்தது. ஆட்டுக்குட்டி குதறப்பட்டுக் கிடந்தது. விதைத்த கடலையைக் கிண்டியிருந்தது. விழுந்த பனம்பழமெல்லாம் பிய்ந்து நார்நாராகக் கிடந்தது. நான்கு குற்றத்துக்கும் ஊர் சொன்ன பெயர் ஒன்றுதான்: நரி.

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிக்கும் குட்டி போயிருந்தது. கோழிக்குடலில் குருணை மருந்தை (பயிருக்குப் போடும் பூச்சிமருந்து) கலந்து வைக்கப் போவதாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். ஆனால் அந்த மருந்தை நரிதான் தின்னும் என்று யார் சொன்னது? நாய் தின்னும், கீரி தின்னும், செத்ததைத் தின்ன வரும் பருந்தும் சாகும். "ஒரு மாசம் பொறுங்க அண்ணாச்சி, எதுன்னு பாத்துச் சொல்றேன்" என்று கேட்டுக்கொண்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

விலை 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பிராண்டின் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் பல பெயர்களில் விற்கிறவை ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெட்டிகள்தான், ஒன்றுக்குச் சொல்வது மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, பச்சையும் பழுப்புமாகத் திட்டு வண்ணம். திறந்தால் சின்னத் திரை, பொத்தான்கள், எட்டு ஏஏ பேட்டரிக்கு இடம், மெமரி கார்டு செருகும் துளை. வெளியே லென்ஸ், அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடிக்குள் வரிசையாக அகச்சிவப்பு எல்இடிகள், கீழே சூடு நகர்வதை உணரும் பிஐஆர் சென்சார். மரத்தில் கட்ட ஒரு நாடா. பனைமரத்துக்கு நாடா நீளம் போதும், சொரசொரப்பான பட்டையில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. காற்றுக்கு ஆடாத அடிமரம் நம் ஊரில் பனைதான். உடைமரத்திலும் கருவேலிலும் கட்ட வேண்டாம்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் மெகாபிக்சலை நம்பாதீர்கள். 36 என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சென்சார் அதைவிட மிகச் சிறியது, மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. அதிகம் வைத்தால் படம் தெளிவாவதில்லை, கார்டுதான் நிறைகிறது. நான் 8 மெகாபிக்சலில் வைத்திருக்கிறேன், அடையாளம் காண அது தாராளம். 25 மீட்டர் தூரம் வரை பிடிக்கும் என்பதும் அப்படித்தான். ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் இரண்டு கண்கள் மட்டும் மின்னும், உடம்பு தெரியாது.

ஒரு விஷயத்தை மட்டும் வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். எல்இடி வெளிச்சத்தின் அலைநீளம் 850 நானோமீட்டரா, 940 நானோமீட்டரா என்று கேளுங்கள். 850 என்றால் வெளிச்சம் தூரம் போகும், ஆனால் படம் எடுக்கும்போது மங்கலான சிவப்பு மினுக்கல் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. என்னுடையது 940. திறந்த மணல்வெளியில் சிவப்பு மினுக்கல் தூரத்திலிருந்தே மனிதர் கண்ணில் படும், கேமரா மறுநாள் மரத்தில் இருக்காது. அதற்காகவே 940 நல்லது.

இனி கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் உரியது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கேமரா ஆளையோ மிருகத்தையோ பார்த்து விழிப்பதில்லை. எதிரே இருக்கும் பரப்பின் சூட்டுக்கும் அதன் குறுக்கே நகரும் ஒன்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்கு உறைக்கும். மார்கழி விடியலில் முயல் தாண்டினால்கூடப் பிடித்துவிடும். சித்திரை மத்தியானம் மணலும் கருவேல் புதரும் உடம்புச் சூட்டுக்கே வந்துவிடுகின்றன, அப்போது ஆடு கடந்தாலும் சும்மா இருக்கும். ஆனால் சூடேறிய ஒரு கிளை காற்றில் ஆடினால் போதும், படம் படமாக எடுத்துத் தள்ளும். உடும்பு, பாம்பு இவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அவற்றின் உடம்புச் சூடு சுற்றுப்புறத்தோடு ஒட்டியே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். கோடையில் மாலை 5 மணியிலிருந்து காலை 8 மணி வரை மட்டும் இயங்கும்படி டைமர் வைத்துவிடுங்கள். பேட்டரி மிச்சமாகும்.

திசை முக்கியம். கிழக்கும் மேற்கும் பார்த்து வைத்தால் விடியலிலும் அந்தியிலும் வெயில் நேராக லென்ஸில் விழும், மிருகங்கள் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். நமக்குக் கடல் தெற்கே. தெற்குப் பார்த்து வைத்தால் உப்புக்காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்கும். வடக்குப் பார்த்து வைத்தால் கச்சான் அடிக்கும் மாதங்களில் பனைமரமே கேமராவுக்கு முதுகு கொடுத்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் எதிரே வரும். அப்போது மட்டும் மேலே ஒரு பனைமட்டைத் துண்டைத் தாழ்வாரம் போலச் சாய்த்துக் கட்டிவிடுகிறேன்.

உப்பு செய்யும் வேலை நைசானது. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். பகல் படம் நன்றாகவே வரும், ராத்திரிப் படம் மட்டும் பனி மூடியதுபோல வெளுத்துவிடும். எல்இடி வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டு லென்ஸுக்கே திரும்புவதுதான் காரணம். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். குடிதண்ணீரில் நனைத்த பனியன் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்கள் பக்கத்தில் அதுவே உப்புத்தான்.

பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும். கார்டு எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்து, லேசாகத் தேய்த்துவிட்டு, துளி வாசலின் தடவுகிறேன். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைக்கிறேன். மூடியின் கொக்கிக் கம்பிதான் முதலில் துருவேறியது. ரப்பர் விளிம்பு லேசாகக் கிளம்பிய இடத்தில் சிற்றெறும்பு நுழைந்து பேட்டரிக்குப் பின்னால் முட்டை வைத்துவிட்டது. மரத்தில் கேமராவுக்கு மேலும் கீழும் எறும்புச் சாக்பீஸால் வளையம் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று நம் வெள்ளை மணல். கேமரா இடுப்புயரத்தில் இருந்து கீழே பார்த்தால் மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, பக்கத்தில் வரும் மிருகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். மருந்துக்கடையில் விற்கும் வெள்ளை மைக்ரோபோர் டேப்பை எல்இடி வரிசையில் பாதியை மறைத்து ஒட்டினேன். மூன்று நான்கு மீட்டரில் வரும் மிருகத்தின் ரோமம் வரை தெரிய ஆரம்பித்தது.

பேட்டரி கணக்கு வாங்கும் விலையில் சேராத செலவு. சாதாரண அல்கலைன் எட்டு போட்டால் காற்றில்லாத மாதங்களில் நன்றாக ஓடுகிறது. ஆடியில் புல் ஆடுவதற்கெல்லாம் படம் எடுத்துச் சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிரே இருக்கும் புல்லை அறுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், அதனால் முழுசாக ஏற்றியிருந்தாலும் சில கேமராக்கள் 'பேட்டரி குறைவு' என்று காட்டும். என்னுடையது அப்படிக் காட்டிக்கொண்டே வேலை செய்கிறது. பேட்டரி மாற்றியதும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டால் படம் இருந்தும் கணக்குக்கு உதவாது.

சரி, யார் வந்தது?

விடை சொல்லும் முன் ஒரு குறிப்பு. ராத்திரிப் படம் கறுப்பு வெள்ளை. செம்மை, சாம்பல், பழுப்பு எதுவும் தெரியாது. கண்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளையாக மின்னும். கேமரா விழித்துப் படம் எடுப்பதற்குள் ஒரு நொடி போய்விடுவதால் பாதிப் படங்களில் முகம் தாண்டிவிட்டிருக்கும், பின்பாதிதான் இருக்கும். அதனால் எங்கள் பக்கத்துக்கு வாலைத்தான் முதலில் பார்க்கப் பழக வேண்டும்.

நரிக்கு வால் புஸுபுஸுவென்று, நுனி கறுத்து, கீழே தொங்கும். பின்னங்கால் முட்டியைத் தாண்டிக் கொஞ்சம்தான் இறங்கும். நாட்டுநாய்க்குப் பெரும்பாலும் மேலே வளைந்து சுருண்டிருக்கும். காட்டுப்பூனைக்குக் கால் நீளம், வால் உடம்புக்குப் பொருந்தாத குட்டை, நுனிப்பக்கம் இரண்டு மூன்று கறுப்பு வளையம். வீட்டுப்பூனைக்கு வால் நீளம். புனுகுப்பூனைக்கு வால் முழுக்க வளையம், உடம்பில் புள்ளிகள் வரிசையாக ஓடும், முதுகில் கோடு. மரநாய்க்கு வால் ஏறக்குறைய உடம்பு நீளம், வளையமே இல்லாத ஒரே கறுப்பு. இந்த ஆறையும் மனதில் வைத்தால் போதும், எங்கள் கேமராவில் விழும் ராத்திரிப் படங்களில் பெரும்பகுதிக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

அளவு தெரியாமல் ஏமாறுவதும் உண்டு. பக்கத்தில் வந்த பெருச்சாளி முயல் மாதிரித் தெரியும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட குச்சியைக் கேமராவுக்கு எதிரே மூன்று மீட்டரிலும் ஐந்து மீட்டரிலும் நட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குச்சியைப் பிடுங்கிவிடலாம். மிருகம் நின்ற இடத்தை அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் உயரம் கிடைத்துவிடும். நரிக்குத் தோள் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர். அதைவிட மிக உயர்ந்து நிற்பது நாயாகத்தான் இருக்கும்.

முதலில் கடலை. கிண்டியது மயில். விடிந்தும் விடியாமலும் வேலி தாண்டி இறங்கி, விதைத்த சாலில் வரிசையாக நடந்து, ஒவ்வொரு குழியாகக் கிளறித் தின்றிருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் காட்டுப்பன்றி பெரும் தொல்லை, அங்கே என் மாமன் வீட்டில் பருத்தியும் சோளமும் போனது எனக்குத் தெரியும். அதனால் இங்கேயும் பன்றியோ என்று பயந்தேன். எங்கள் வேலிக்குள் ஒரு படத்திலும் பன்றி இல்லை.

கோழி? காட்டுப்பூனை. கூட்டின் பின்பக்கம் பலகை விலகியிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, காதை முன்னால் மடித்து, நெடுநேரம் அசையாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அசையாமல் இருந்தால் சென்சாருக்குத் தெரியாது என்பதால் இடையிடையேதான் படம். கடைசிப் படத்தில் பலகைச் சந்தில் ஒரு முன்னங்கால் தோள்வரை உள்ளே போயிருக்கிறது. பலகையை ஆணி அடித்து இறுக்கி, குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து அதன்மேல் கல் வைத்தேன். அதற்குப் பிறகும் அது வருகிறது, எலி பிடித்துக்கொண்டு போகிறது. கூடு பக்கம் வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

பனம்பழம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆவணியில் பழம் விழும் மரத்தடியைப் பார்த்துக் கேமராவை வீடியோவில் வைத்தேன். இருபது நொடி வீடியோ, சத்தத்தோடு பதிவாகும். முதலில் மரநாய் ஒன்று அடிமரத்தில் ஏறுகிறது, நகம் பட்டையில் பிறாண்டுகிற சத்தம்கூடக் கேட்கிறது. பனையேறி சித்தப்பா பதநீர்க் காலத்தில் கலயத்தில் வாய் வைப்பது மரநாய்தான் என்று வருஷா வருஷம் சொல்வார், ஏறுகிற படத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு ஒரு ராத்திரி நரி. தனியாக வந்தது. பழத்தை மோந்து பார்த்து, முன்னங்கால் இரண்டாலும் அமுக்கிப் பிடித்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கடைவாயால் நாரை இழுக்கிறது. நார் அறாமல் நீண்டு நீண்டு வருகிறது, இழுத்து இழுத்துச் சப்புகிறது. மூக்கு நுனியெல்லாம் சதை. இடையில் ஒருமுறை தலையைத் தூக்கி உப்பளம் பக்கம் காதைத் திருப்பி, மறுபடி குனிந்து தின்கிறது. நான் சின்ன வயதில் பனம்பழம் சப்பியதும் அப்படித்தான். இந்த மிருகத்துக்குத்தான் மருந்து வைப்பதாக இருந்தது.

ஆட்டுக்குட்டி நாய்களின் வேலை. பட்டியைப் பார்த்து வைத்த கேமராவில் நள்ளிரவு தாண்டி நான்கைந்து உருவங்கள். அண்ணாச்சி போனைப் பார்த்ததும் "நரிக் கூட்டம்ல இது" என்றார். கூட நின்ற சித்தப்பா போனை வாங்கித் தூரப்பிடித்துப் பார்த்தார். "நரின்னா வாலத் தொங்கப் போட்டுக்கிட்டுல போகும் தாயி. இது சுருட்டி வச்சிருக்கு. அந்தா, கழுத்தப் பாரு." ஒன்றின் கழுத்தில் பட்டை, அதில் அறுந்த நைலான் கயிறு தொங்கியது. ஊர்நாய்கள்தான். அதில் ஒன்று யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. வாட்ஸப் குழுவில் போடு என்று என் அக்கா மகன் சொன்னான், நான் போடவில்லை. நாயின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அவருக்கு மட்டும் காட்டினேன். இப்போது ராத்திரி கட்டிப் போடுகிறார். அண்ணாச்சி குருணை மருந்தை வாங்கவே இல்லை.

நரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, மயில் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விஷம் வைப்பது, அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பது, வேலியில் மின்சாரம் இழுத்துவிடுவது எல்லாம் சிறைக்குப் போகிற குற்றம். மின்சார வேலியில் விடியலில் போகும் மனிதனும் சாகிறான். பயிருக்கு நஷ்டம் என்று வனத்துறையில் மனுக் கொடுக்கப் போகிறவர்களுக்குத் தேதியும் நேரமும் பதிந்த படம் கையில் இருப்பது பேச்சுக்குப் பலம். படத்தின் அடியில் நிலவின் பிறைகூட இருக்கும். வெப்பநிலை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது பெட்டிக்குள் இருக்கும் சூடு.

படங்களைப் பகிரும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். நரிப்பல், நரிக்கொம்பு என்று வாங்க அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழுங்கு (எறும்புதின்னி) ஏதாவது படத்தில் விழுந்தால் வனத்துறையைத் தவிர யாருக்கும் காட்டவே வேண்டாம்.

மிருகங்களைவிட மனிதர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் ஊரில் விடியலுக்கு முன் பெண்கள் விறகுக்கும், ஒதுங்குவதற்கும் இந்தப் புதர்ப்பக்கம் வருவார்கள். பனையேறிகள் இருட்டிலேயே வந்துவிடுவார்கள். அகச்சிவப்புக் கேமராவுக்கு இருட்டு என்பதே இல்லை. ஒற்றையடிப் பாதை ஒன்றும் படத்தில் விழாதபடி திருப்பி வைத்தேன். கேமரா இருக்கும் மரங்களைச் சுற்றுப்பட்டுப் பெண்கள் எல்லோருக்கும் காட்டினேன். கார்டை நான் மட்டும்தான் எடுக்கிறேன், மனித உருவம் விழுந்த படத்தை அங்கேயே அழிக்கிறேன். இதைச் செய்ய முடியாதவர்கள் தோப்பில் கேமரா வைக்கவே கூடாது, கோழிக்கூட்டுக்கு எதிரே வைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கடற்கரைப் புறம்போக்கிலும், வனத்துறை இடத்திலும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் வைக்க நமக்கு உரிமையில்லை. கோழிக்கழிவைப் போட்டு மிருகத்தை வரவழைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். முதலில் வருவது நாய்க்கூட்டம்தான்.

விற்பனைக்குப் பிந்திய சேவை மோசம். கொக்கிக் கம்பி துருப்பிடித்ததும், கார்டுத் துளையின் முனை கறுத்ததும் வாரண்டிக் காலத்துக்குள்தான். விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். கடல்காற்றால் வரும் சேதம் வாரண்டியில் வராது என்று பதில். பெட்டியின் மேல் தண்ணீர் புகாது, தூசி புகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் புகவில்லை, உண்மை. ஆனால் 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் விற்கிறவர்கள் ஒரு துருப்பிடிக்காத கொக்கியைப் போட்டுத் தர வேண்டாமா? கடைசியில் இராமநாதபுரத்தில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர்தான் முனையைச் சுத்தம் செய்து, கொக்கிக்கு எவர்சில்வர் கம்பி வளைத்துக் கொடுத்தார். கூலி கொஞ்சம்தான் வாங்கினார்.

சிம் போடும் 4ஜி கேமரா வாங்கலாமா என்று கேட்கிறார்கள். படம் உடனே போனுக்கு வரும் என்பது பெரிய வசதிதான். ஆனால் எங்கள் தோப்பில் பேசுவதற்கே மேட்டில் ஏறி நிற்க வேண்டும், சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும். உங்கள் இடத்தில் ராத்திரியில் வீடியோ கால் தடையில்லாமல் போகுமென்றால் வாங்குங்கள். வைஃபை உள்ளதும் எனக்குத் தேவைப்படவில்லை. 32 ஜிபி கார்டு இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறேன், போனில் செருகும் கார்டு ரீடரில் அங்கேயே பார்த்துவிடலாம். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். சோலார் பலகை தனியாக விற்கிறார்கள், வெயிலுக்கு நம் ஊரில் குறையில்லை. ஆனால் மினுங்குகிற பலகை மரத்தில் இருந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும், வீட்டை ஒட்டி வைப்பதற்கு மட்டும் சரி.

2018ஆம் ஆண்டு புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் இதே வகைக் கேமராக்களை வைத்து ஏறக்குறைய 3.5 கோடிப் படங்கள் எடுத்தார்கள், அது கின்னஸிலும் ஏறியது. புலி இல்லாத ஊரில் இதற்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. புனுகுப்பூனை முதன்முதலாக விழுந்த படத்தை அவர்களிடம் காட்டினேன். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருப்பவர்கள், இப்படி ஒன்று நம் வேலியோரம் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அடுத்ததாக இன்னொரு கேமராவுக்குப் பணம் சேர்க்கிறேன். இந்தமுறை வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று கேட்பேன். கொக்கியும் திருகும் துருப்பிடிக்காத உலோகமா, 940 நானோமீட்டரா, டைமரை இரண்டு வேளைக்குத் தனித்தனியாக வைக்க முடியுமா. கடைசியது மாலையிலும் விடியலிலும் மட்டும் இயக்க உதவும், நடு ராத்திரிக் காற்றுக்குப் பேட்டரி போகாது. அது வந்ததும் கிணற்றடித் தொட்டிக்கு எதிரே கட்டுவதாக இருக்கிறேன், கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாய் வைக்கக் கூடிய தண்ணீர் அது ஒன்றுதான். தற்போதைய விலைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கொக்கியை மாற்றிக் கொடுத்தால் நான்கு.